கயாவில் விட்ட டுரியான்

கடவுளுக்கு எதைக் கொடுப்பது என்பதில் என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் அதுவரை சண்டை வந்ததே இல்லை. அவர் தேங்காய் உடைப்பார், நான் சில்லுகளைப் பொறுக்குவேன். அவர் பால்குடம் எடுப்பார், நான் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நடப்பேன். இந்த வருஷம் அவர் டுரியானைக் கொடுத்தார். அவருடைய டுரியானை மட்டும் கொடுத்திருந்தால் போகிறது என்று விட்டிருப்பேன். என்னுடையதையும் சேர்த்துக் கொடுத்தார்! ஆயுசுக்கும்! என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்!

என் பெயர் செகப்பி. ஈப்போவில் லகாட் சாலையை ஒட்டி எங்களுக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. என் கணவர் சொக்கநாதன்தான் கண் பரிசோதிப்பார். சொந்தக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுவதும் அவரே. பூர்வீகம் செட்டிநாடு, பிறந்தது வளர்ந்தது எல்லாம் பேராக். எங்கள் சனத்துக்குக் கோயில் என்றால் உயிர். சாப்பாடு என்றாலும் உயிர். சாமி கும்பிட்டுவிட்டு வரும்போது எங்கே சாப்பிடலாம் என்று போகும்போதே முடிவு செய்துவிடுகிற கூட்டம். இதில் ஒரு வெட்கமும் கிடையாது.

டுரியான், அதுதான் பலாவுக்குத் தம்பி மாதிரி முள்ளும் வாசமுமாக இருக்கிற பழம், அந்த விஷயம் மட்டும் எங்களுக்குக் கொஞ்சம் தனி. கல்யாணமான புதிதில் இவருக்கும் எனக்கும் பேச ஒன்றுமே இருக்காது. ‘சாப்பிட்டாச்சா’, ‘ஆச்சு’ என்பதோடு நாள் முடிந்துவிடும். ஒரு நாள் கோலா கங்சார் போகிற வழியில் சாலையோர டுரியான் கடையில் வண்டியை நிறுத்தினார். பிளாஸ்டிக் முக்காலியில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். கையெல்லாம் மஞ்சளாக, வாயெல்லாம் மஞ்சளாக இந்த மனிதர் ஒரு சுளையைத் தின்றுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஆடினார் பாருங்கள், எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரும் சிரித்தார். அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு இன்னும் நிற்கவில்லை. ஒவ்வொரு பருவத்துக்கும் தவறாமல் போய் உட்கார்ந்துவிடுவோம்.

அந்தப் பைத்தியம் முற்றித்தான் பீடோரில் நிலம் வாங்கினோம். பழைய ரப்பர் தோட்டம் ஒன்றைத் துண்டு போட்டு விற்றார்கள். ஒரு துண்டு எங்களுக்கு, அடுத்த துண்டு லூர்துசாமிக்கு. விரைவுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். அவருடைய அப்பா அம்மா அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர்கள். லூர்துசாமி தன் பங்கில் கொய்யா போட்டார், நாங்கள் டுரியான் கன்று நட்டோம். நட்டுவிட்டு வருஷக்கணக்காக அந்த மரங்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். இலையாக விட்டது. கிளையாக விட்டது. பூ மட்டும் விடவில்லை.

இந்த வருஷம் மார்ச்சில் காசிக்குக் கிளம்பினோம். கருப்பம்மாள் ஆச்சி ஆள் சேர்த்து அழைத்துக்கொண்டு போனார். காசிக்குப் போகிறவர்கள் கயாவுக்கும் போய் முன்னோருக்குப் பிண்டம் வைத்துவிட்டு, அங்கே உள்ள ஆலமரத்தடியில் ஒரு காய், ஒரு பழம், ஒரு இலையை விட்டுவிட வேண்டும். விட்டதை அப்புறம் சாகும்வரை தொடக்கூடாது. ரொம்பப் பிடித்ததை விட வேண்டும் என்பதுதான் முறை. ஆனால் எங்கள் ஆட்களா சும்மா இருப்பார்கள்? விமானம் ஏறுவதற்கு முன்பே ஆலோசனை ஆரம்பமாகிவிட்டது. ஒருவர் பாகற்காய். இன்னொருவர், இலை என்றால் புகையிலையும் இலைதானே என்றார். அவர் வாழ்நாளில் ஒரு சுருட்டைத் தொட்டதில்லை. கருப்பம்மாள் ஆச்சி விளாம்பழத்தை விட்டார். ஈப்போவில் விளாம்பழத்தை யார் கண்டது? நான் ஆவக்காடோ என்று முடிவு செய்திருந்தேன். அதைத் தின்பதும் சோப்பைத் தின்பதும் எனக்கு ஒன்றுதான். வீட்டுக்காரருக்கும் அதையே சொல்லிக் கொடுத்து, விமானத்தில் ஒப்பிக்கவும் வைத்தேன்.

கயாவில் காலையில் கண் விழித்தால் கைப்பேசியில் லூர்துசாமி அனுப்பிய படம். கிளையில் கொத்துக் கொத்தாகப் பூ! எங்கள் மரத்தில்! ‘அக்கா, பூத்துருச்சு லா!’ என்று குரல் செய்தி வேறு. விடுதி அறையிலேயே குதித்தேன். கீழ் அறைக்காரர் மேலே வந்து கதவைத் தட்டினார்.

அந்தச் சந்தோஷத்தோடுதான் ஆலமரத்தடிக்குப் போனேன். என் புடவைத் தலைப்பையும் அவர் துண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்கள். பண்டா, அதாவது அங்கே சடங்கு செய்து வைக்கிறவர், எங்கள் ஆட்களோடு பழகிப் பழகி நன்றாகவே தமிழ் பேசினார். காய் ஆயிற்று, இலை ஆயிற்று. பழத்துக்கு வரும்போது ஒரு குரங்கு குதித்து வந்து கருப்பம்மாள் ஆச்சியின் மூக்கிலிருந்து கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. எங்கள் கடையில் செய்த கண்ணாடி! புது ஃபிரேம்! நான் திரும்பிக் குரங்கைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன். பின்னால் என் வீட்டுக்காரர் தேம்பித் தேம்பி அழுவது கேட்டது. பெற்றவர்களை நினைத்து அழுகிறார், பாவம் என்றுதான் நினைத்தேன்.

“என்ன பழம் விடறேள்?”

“டுரியான்.”

“ரெண்டு பேருக்குமா?”

“ரெண்டு பேருக்கும்.”

நான் திரும்புவதற்குள் தண்ணீரை வார்த்துவிட்டார்கள்.

“என்னங்க சொன்னீங்க?”

“விட்டுட்டேன் செகப்பி.”

“எதை?”

“டுரியான.”

“யாரோடதை?”

“நம்மளோடதை.”

அந்தக் குரங்குகூட ஒரு வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. நான் யாரிடம் போய் எதைக் கொடுத்து வாங்குவது? முன்னோர் பெயரைச் சொல்லி வார்த்த நீர். விளையாட்டா? எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்து, கயாவின் வெயிலில் நின்று இவரைப் பார்த்து மூக்கைச் சிந்தினேன். கூட வந்தவர்கள் பக்தியில் அழுகிறாள் என்று நினைத்து என் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

திரும்பி வரும்போது பேருந்தில் இவருக்கு நடந்த மரியாதையைக் கேட்கவா வேண்டும்! பாகற்காய்க்காரர் எழுந்து இடம் கொடுத்தார். கருப்பம்மாள் ஆச்சி, “விட்டா சொக்கநாதன் மாதிரி விடணும்” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். இவருக்குத் தலைக்கு மேலே இரண்டடி உயரத்தில் ஒளிவட்டம் வந்துவிட்டது. “ரோஷினிகிட்ட மட்டும் இதைச் சொல்லாத, கேலி பண்ணுவா” என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். ரோஷினி எங்கள் மகள், ஜொகூரில் மருத்துவராக இருக்கிறாள். சாமி விஷயத்தில் அவள் கொஞ்சம் சிரிக்கிற ஆள்தான் என்பதால் நானும் வாயைத் திறக்கவில்லை.

ஈப்போ வந்தபிறகு அவர் பண்ணிய அழிச்சாட்டியம் இருக்கிறதே! மெத்தையை விட்டுத் தரையில் பாய் விரித்துப் படுத்தார். மூன்றாம் நாள் முதுகு பிடித்துக்கொண்டது, சீனத் தைலத்தை நான்தான் தேய்த்துவிட்டேன். கடைக்கு வருகிறவர்களையும் விடவில்லை. ஒரு மலாய்க்காரப் பையன் மோட்டார் சைக்கிள் உரிமத்துக்காகக் கண் பரிசோதிக்க வந்தான். கடைசி வரி எழுத்துத் தெரியவில்லை என்றான். “வெளிய தெரியலைன்னா தாக் அப்பா, பரவாயில்ல, உள்ள பாரு” என்று இவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அவன் எதிர்க்கடைக்குப் போய்விட்டான். நான் ஒரு வாய் தேநீரை ரசித்துக் குடித்தால்கூட, “ருசியில மனசு போகக்கூடாது” என்பார்.

“பின்ன சாமி எதுக்கு இவ்ளோ ருசியாப் படைச்சுச்சு? பார்த்துட்டுப் போறதுக்கா?” என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு புன்னகைத்தார். அந்தப் புன்னகையைப் பார்க்கும்போதெல்லாம் தேநீரை அவர் தலையில் கொட்டலாம் போலிருக்கும்.

பருவம் ஆரம்பமாயிற்று. ஈப்போவில் எந்தச் சாலையில் போனாலும் டுரியான் கடை, எந்தக் காற்றிலும் டுரியான் வாசம். காரில் போகும்போது கடை தெரிந்தால் இவர் சன்னலை ஏற்றுவார். நான் இறக்குவேன். அவர் ஏற்றுவார். நான் இறக்குவேன். ஒரு நாள் அந்தச் சன்னல் இருவருக்கும் பயந்து பாதியிலேயே நின்றுவிட்டது. மறுநாள் நல்ல மழை. நான் நனைந்துகொண்டே கடைக்குப் போனேன்.

ஒருமுறை, சாமி மன்னிக்கட்டும், இவர் கடையில் இருக்கும்போது நான் மட்டும் கிளம்பி எங்கள் வழக்கமான டுரியான்காரனிடம் போனேன். முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். “பாஸ் எங்கே?” என்றான் அந்தச் சீனன். எதிரே இருந்த காலி முக்காலியைப் பார்த்தேன். என்ன மாயமோ, பசியே போய்விட்டது. வார்த்த நீருக்குப் பயந்தது பாதி. மீதிப் பாதி என்னவென்றால், இந்த மனிதர் எதிரே உட்கார்ந்து ஆடாமல் டுரியான் எனக்கு உள்ளே இறங்காது. எழுந்து வந்துவிட்டேன். இப்படி என்னைக் கெடுத்து வைத்தவரே இப்படிப் பண்ணலாமா என்றுதான் இன்னும் கோபம்.

ஒரு சனிக்கிழமை லூர்துசாமி கூப்பிட்டார். “அக்கா! விழுந்துருச்சு! மொத பழம் லா! வாசம் தாங்கல, எங்கூட்டு நாயி வெளியவே உக்காந்துருக்கு. சீக்கிரம் வாங்க, இல்லன்னா நான் பொறுப்பு இல்ல.”

மறுநாள் காலை கிளம்பிவிட்டோம். ரோஷினியும் விடுமுறைக்கு வந்திருந்தாள், பின்னால் ஏறிக்கொண்டாள். இவர் வழி முழுக்கத் தேவாரம் பாடிக்கொண்டு வந்தார். சன்னல் இன்னும் பாதியில்தான் நின்றது.

நிலத்தில் நாங்கள் போட்டிருக்கும் பொண்டோக்கில், அதுதான் தகரக் கூரைக் கொட்டகையில், லூர்துசாமி ஏழெட்டுப் பழத்தை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். சின்னப் பழங்கள்தான். முதல் காய்ப்பு அப்படித்தான் இருக்கும். ஆனால் வாசம்! நான் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் மண், எங்கள் மரம், நாங்கள் ஊற்றிய தண்ணீர். அதை நான் தொடக்கூடாது!

“வெட்டட்டுமா?” லூர்துசாமி பாராங் கத்தியை எடுத்தார்.

“நீங்களும் ரோஷினியும் சாப்பிடுங்க. நாங்க விட்டுட்டோம்” என்றார் என் வீட்டுக்காரர் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு.

“எங்க விட்டீங்க?”

நான் அடக்கிவைத்ததெல்லாம் அங்கேதான் உடைந்தது. கயா, ஆலமரம், குரங்கு, முடிச்சு, தண்ணீர் எல்லாவற்றையும் கைகால் ஆட்டிச் சொன்னேன். லூர்துசாமி வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

“ஆயுசுக்குமா? அலமாக்! எங்க தவக்காலத்துல நான் பீரை விடுவேன் அக்கா. சொன்னா சொன்னதுதான், ஒரு சொட்டுத் தொட மாட்டேன். ஆனா ஈஸ்டர் அன்னிக்குச் சாமியும் எழுந்துரும், நானும் எழுந்துருவேன். உங்களுக்கு ஈஸ்டரே இல்லையா?”

“இல்லை” என்றார் இவர் கம்பீரமாக.

அப்போதுதான் ரோஷினியைப் பார்த்தேன். கொட்டகைப் பலகையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளோ என்று பயந்தேன். சிரிக்கிறாள்! கண்ணில் தண்ணீர் கொட்டச் சிரிக்கிறாள்.

“அப்பச்சி!” அப்பாவை எங்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவது. “அப்பச்சி, டுரியானையா சாமிக்குக் குடுத்தீங்க? நான்தானே ஜனவரியிலேயே விடச் சொன்னேன்!”

இவருடைய ஒளிவட்டம் கீழே விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது.

“என்ன சொல்ற?”

“அம்மா, அப்பச்சிக்கு சுகர் ஏறி எல்லையில வந்து நின்னுச்சு. டுரியான் பக்கமே போகக்கூடாதுன்னு நான் கண்டிஷனா சொல்லிட்டேன். அம்மாகிட்ட சொல்லாத, சோத்தையும் நிறுத்திடுவான்னு கெஞ்சினாரு. மாத்திரையெல்லாம் கடையிலதான் வெச்சிருக்காரு.”

நான் இவரைப் பார்த்தேன். இவர் ஒரு பழத்தின் முள்ளைப் பார்த்தார்.

“அப்ப ஏற்கனவே போன பழத்தையா சாமிக்குக் குடுத்தீங்க?” எனக்குக் குரல் கீச்சிட்டது. “டாக்டர் எடுத்துக்கிட்ட மிச்சத்தையா! அதுக்கா பேருந்துல எழுந்து இடம் குடுத்தாங்க? அதுக்கா கருப்பம்மாள் ஆச்சி கன்னத்துல போட்டுக்கிட்டாங்க? நான் ஆவக்காடோன்னு ஏமாத்தப் பார்த்தேன்னா, ஒத்துக்கிட்டு ஏமாத்தினேன்! நீங்க அழுதுக்கிட்டே ஏமாத்திட்டீங்களே!”

“அழுதது நெசம்” என்றார் மெதுவாக.

“எதுக்கு அழுதீங்க?”

“டுரியானுக்குத்தான்.”

லூர்துசாமி கத்தியைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் ஆடின.

“சரி, உங்களுக்குச் சுகர். எனக்கு என்ன வந்துச்சு? எனக்கு ரத்தம் தங்கமா இருக்குன்னு இவதான் சொன்னா. என்னோடதை எதுக்குங்க குடுத்தீங்க?”

இவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது.

“அன்னிக்குக் காலையில நீ ரூம்ல குதிச்சே இல்ல, பூ வந்துருச்சுன்னு. எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. இனிமே ஒவ்வொரு வருஷமும் நீ சாப்பிடுவ, நான் எதிர்ல சும்மா உக்காந்திருக்கணும். இல்லன்னா என்னைப் பார்த்துப் பாவப்பட்டு நீ ஒளிஞ்சு சாப்பிடுவ. ரெண்டையும் நெனைச்சுப் பார்க்க முடியல. பண்டா கேட்டாரா, வாயில வந்துருச்சு. தப்புதான் செகப்பி. பொறாமைல பண்ணது. அதுக்கு மேல விபூதியைப் பூசிக்கிட்டேன்.”

எனக்குக் கோபம் வந்த வேகத்தில் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இத்தனை மாதம் வாய்க்கு வாய் உபதேசம் செய்த மனிதர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றார். அடிக்கலாமா, கட்டிக்கொள்ளலாமா என்றிருந்தது. மகள் இருக்கிறாளே என்று இரண்டையும் செய்யவில்லை.

“போனை எடு” என்றேன் ரோஷினியிடம். “கயாவுக்குப் போடு.”

பண்டாவின் எண் எங்கள் யாத்திரை வாட்ஸ்அப் குழுவில் இருந்தது. அடுத்த யாத்திரைக்கும் ஆள் அனுப்புங்கோ என்று அவரே போட்டுவிட்டுப் போனது. காணொளி அழைப்பில் அவர் முகம் தெரிந்தது. பின்னால் அதே ஆலமரம், அதே கூட்டம்.

“சொல்லுங்கோ ஆச்சி! ஈப்போதானே?”

நான் ஒரு டுரியானைக் காம்பைப் பிடித்துத் தூக்கித் திரைக்கு முன்னால் காட்டினேன். அவர் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“இது என்ன, ஆயுதமா?”

“பழம் சாமி. இதைத்தான் இவரு என் பேர்லயும் சேர்த்து விட்டுட்டாரு. நான் சம்மதிக்கவே இல்ல. அந்த நேரத்துல நான் குரங்கோட பேசிக்கிட்டிருந்தேன். முடிச்சு இருந்துச்சு, ஒத்துக்கறேன். ஆனா மனசு குரங்குகிட்ட இருந்துச்சு.”

“ம்ம்.” தாடையைச் சொறிந்தார். அங்கே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், இருங்கோ இருங்கோ என்று கையைக் காட்டினார். “ஆச்சி, உங்க வாய்க்குள்ள போற பழத்தை உங்க வாய்தான் விடணும். அவர் சொன்னது அவருக்கு மட்டும். உங்களோடது பாக்கி நிக்கிறது. இப்பவே ஒண்ணு சொல்லுங்கோ, ஜலம் விட்டுடறேன்.”

“ஆவக்காடோ!”

“அது எப்படி இருக்கும்?”

“ரொம்ப உசத்தியான பழம் சாமி. இங்க எல்லாரும் அதுக்கு உயிரை விடுவாங்க.”

ரோஷினி துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள்.

“சில பேர் கோபத்தையும் சேர்த்து விடறா ஆச்சி. விசேஷம்.”

“அது எனக்குத் தினமும் வேணும் சாமி. நீங்க ஆவக்காடோவுக்கு மட்டும் ஜலம் விடுங்க.”

விட்டார். அவ்வளவுதான். நான் கைப்பேசியை ரோஷினி கையில் கொடுத்துவிட்டுக் கொட்டகைக்குள் ஒரு சுற்றுச் சுற்றினேன். ஐம்பது வயதைத் தாண்டியவள் இப்படியெல்லாம் சுற்றக்கூடாதுதான். லூர்துசாமி கையைத் தட்டினார்.

சுற்றி முடித்து நின்றால் எதிரே இவர். சிரித்துக்கொண்டுதான் நின்றார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. பாதி வேலைதான் முடிந்திருந்தது. நான் மட்டும் தின்று என்ன செய்ய?

“ரோஷினி, இவருக்கு ஒரு சுளைகூடக் கூடாதா?” என்றேன்.

“ஒரு சுளை சாப்பிடலாம் மா. போன மாசம் எடுத்த டெஸ்ட்ல சுகர் நல்லா இறங்கியிருக்கு. நடந்து நடந்து இறக்கிட்டாரு. அளவா, எப்பவாச்சும் ஒண்ணு. அதைச் சொல்லத்தான் இன்னிக்கு உங்ககூட வந்தேன்.”

“அப்புறம் என்ன? பண்டாவுக்கு மறுபடி போடு! இவரும் ஆவக்காடோ!”

“வேணாம்” என்றார் இவர்.

நான் விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படி இல்லை. அந்தப் புனிதப் புன்னகையும் இல்லை. கடையில் ஒரு கண்ணாடியைச் சரி பார்க்கும்போது இருக்குமே, அந்த முகம்.

“அன்னிக்கு என்கிட்ட இல்லாததைக் குடுத்தேன். இப்பத்தான் அது என் கைக்கு வந்துருக்கு. வந்தவுடனே பிடுங்கிக்கிறதுக்கு வெக்கமா இருக்கு செகப்பி. அப்பா அம்மா பேரைச் சொல்லிக் குடுத்தது. ஒண்ணாச்சும் நெசமாக் குடுத்ததா இருக்கட்டும்.”

“நீங்க இல்லாம நான் எப்படிங்க தின்பேன்?” கேட்டே விட்டேன். மகள், லூர்துசாமி எல்லாரும் இருந்தார்கள். இருக்கட்டும். “எனக்கு டுரியான் வேணும்தான். ஆனா எதிர்ல நீங்க ஆடணும். அதுக்காகத்தான் இந்த நெலத்தையே வாங்கினேன்.”

இவர் குனிந்து, லூர்துசாமி கீழே வைத்த கத்தியை எடுத்தார். பழத்தைக் காலுக்கு இடையில் வைத்து, கீற்று பார்த்து, ஒரு போடு போட்டுப் பிளந்தார். உள்ளே மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள்! அந்த வாசம் மறுபடி எழும்ப, நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள், இவர் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே ஆடினார். வாயில் ஒன்றும் இல்லாமலே!

“மூக்கை விட்டேன்னு சொல்லலையே அண்ணே!” என்றார் லூர்துசாமி.

“சொல்லலையே!” என்று இவரும் கத்தினார். “வாயை மட்டும்தான் விட்டேன்!” பழத்துக்குள்ளேயே முகத்தை வைத்து இழுத்தார். மூக்கு நுனியில் மஞ்சள் ஒட்டிக்கொண்டது. ரோஷினி அலறிக்கொண்டே கைக்குட்டையைத் தேடினாள். நாங்கள் நாலு பேரும் அந்தத் தகரக் கொட்டகையில் பைத்தியக்காரர்கள் மாதிரி சிரித்தோம். லூர்துசாமியின் நாய் என்னவோ ஏதோவென்று குரைத்தது.

மூக்கைத் துடைத்துக்கொண்டு எனக்கு எதிரே ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்தார். ஒரு சுளையை எடுத்து என் கையில் வைத்தார்.

“சாப்பிடு. எப்படி இருக்குன்னு சொல்லு. சொல்றதைக் கேக்கக்கூடாதுன்னு எந்தச் சாத்திரத்துலயும் இல்ல.”

வாயில் வைத்தேன். ஐயோ, அதை என்னவென்று சொல்வேன்! முதலில் ஒரு கசப்பு, நாக்கின் ஓரத்தில், தொட்டும் தொடாமலும். அப்புறம் அப்படியே கரைந்து, வெண்ணெயா பாலா என்று தெரியாமல் தொண்டை வரைக்கும் இனிப்பு. எத்தனை கடையில், எத்தனை பருவம் தின்றிருக்கிறேன்! இப்படி ஒன்றை நான் தின்றதே இல்லை. கண் கலங்கிவிட்டது. சாமி, நீ நன்றாக இருக்க வேண்டும் என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

“எப்படி இருக்கு?” இவர் முன்னால் குனிந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த முகத்திடம் நான் எப்படிச் சொல்வேன்?

“சுமார்தான்” என்றேன். “தண்ணியா இருக்கு. கசப்பே இல்ல. மொத காய்ப்பு பாருங்க, அப்படித்தான் இருக்கும். நீங்க ஒண்ணும் பெரிசா இழக்கல.”

“அப்படியா?”

“ஆமா.”

இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். அது ஏற்கனவே அடுத்த சுளையில் இருந்தது. நான் சப்பிப் போட்ட கொட்டையைப் பார்த்தார். அதில் ஒரு நார்கூட மிச்சமில்லை. இவருக்கு உதடு துடித்தது, தோள் குலுங்கியது, கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. கயாவில் அழுததைவிட அதிகமாக அழுதார். அழுதாரா சிரித்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

“பாவம் நீ” என்றார், இன்னொரு பழத்தைப் பிளந்துகொண்டே. “இதையும் சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லு.”

சாப்பிட்டேன். அது முதல் பழத்தைவிட நன்றாக இருந்தது.

“இது இன்னும் மோசம்ங்க” என்றேன்.